மரக்கன்றுக்கு அப்பால்: உள்ளூர்த் திருச்சபையின் சூழல் பொறுப்பு

ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையைத் தென்னிந்தியத் திருச்சபை சுற்றுச்சூழல் ஞாயிறாக அனுசரிக்கிறது. செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரையிலான நாட்களை உலகின் பல திருச்சபைகள் படைப்பின் காலமாகக் கொண்டாடுகின்றன. அதன் தொடக்க நாளைக் கிழக்கு மரபுவழித் திருச்சபையின் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ் 1989இல் படைப்புக்கான மன்றாட்டு நாளாக அறிவித்தார். 2015இல் கத்தோலிக்கத் திருச்சபையும் அதனை ஏற்றுக்கொண்டது. நாட்காட்டியில் குறை ஒன்றும் இல்லை. அந்நாட்களில் ஆலய வளாகத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. ஒரு சிறப்புப் பிரசங்கம், சிறுவர்களின் ஊர்வலம், சில மரக்கன்றுகள், அவற்றோடு ஒரு புகைப்படம். அடுத்த ஜூன் மாதத்தில் அதே குழியில் வேறொரு கன்று.

மரக்கன்று நடுவது தீங்கன்று. ஆயினும் உள்ளூர்ச் சபைகள் அதனை இவ்வளவு விரும்பித் தெரிந்துகொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. சபையார் எவருடைய வருமானத்தையும் அது தொடுவதில்லை. கல்குவாரி வைத்திருப்பவர், சதுப்பு நிலத்தை மேடாக்கி மனை பிரிப்பவர், ஏலத்தோட்டத்தில் வாரந்தோறும் பூச்சிமருந்து அடிப்பவர் ஆகிய மூவரும் அருகருகே நின்று ஒரே கன்றுக்கு நீர் ஊற்றலாம். எவர் மனமும் நோகாது. எவர் மனத்தையும் நோகடிக்காத சூழல் அக்கறை எந்த மலையையும் காப்பதில்லை. ஒரு திருச்சபையின் சூழல் பொறுப்பை அளக்கச் சரியான கோல் ஒன்றே: தன் சொந்த உறுப்பினர்களின் ஆதாயமும் மண்ணின் நலமும் எதிரெதிரே நிற்கும்போது அது என்ன சொல்கிறது?

கல்வியுலகம் இந்தக் கேள்வியை நீண்ட காலமாக வேறிடத்தில் வைத்துத் தேடிவந்திருக்கிறது. 1967இல் லின் வைட் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, சூழல் நெருக்கடியின் வேர்களை மேற்கத்தியக் கிறித்தவத்தின் மனித மையச் சிந்தனையில் கண்டது. அன்று தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் மனிதனுக்கு அளிக்கும் ஆளுகையையும், இரண்டாம் அதிகாரம் அவனிடம் ஒப்படைக்கும் தோட்டக் காவலையும் எதிரெதிரே நிறுத்தி எண்ணற்ற கட்டுரைகளும் ஆய்வேடுகளும் எழுதப்பட்டுவிட்டன. வைட் தம் கட்டுரையின் முடிவில் முன்மொழிந்தபடியே, அசிசியின் பிரான்சிசைச் சூழலியலின் பாதுகாவலராக 1979இல் இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தார். 2015இல் லவுதாத்தோ சி வெளிவந்தது. ஏட்டளவில் இறையியல் தன்னை ஏறத்தாழ முழுமையாகத் திருத்திக்கொண்டுவிட்டது. கோட்பாடுதான் குற்றவாளி என்றால், கோட்பாடு திருந்தியபின் நடத்தையும் திருந்தியிருக்க வேண்டும். கேரளத்தின் மலைகள் அவ்வாறு சான்று கூறவில்லை.

மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழு 2011 ஆகஸ்டில் தன் அறிக்கையை நடுவண் அரசிடம் அளித்தது. அரசு அதனை மாதக்கணக்கில் பூட்டி வைத்திருந்தது. நீதிமன்றம் வரை சென்ற பிறகே 2012 மே மாதத்தில் அது பொதுவெளிக்கு வந்தது. மலைத்தொடரை மூன்று உணர்திறன் மண்டலங்களாகப் பிரித்த அவ்வறிக்கை, முதல் மண்டலத்தில் புதிய கல்குவாரிகளுக்கு உரிமம் கூடாது என்றது. இரசாயனப் பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. அதே அறிக்கை, மண்டல வரையறை குறித்து ஊராட்சிகளும் கிராம சபைகளும் விவாதிக்க வேண்டும் என்றும் வற்புறுத்தியது. உழவர்களை மலையிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று அது கூறவில்லை. அதனை மட்டுப்படுத்தி அமைந்த கஸ்தூரிரங்கன் குழுவின் அறிக்கை 2013இல் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் நடுவண் அரசின் ஆணை வெளியானதும் இடுக்கியும் கோழிக்கோட்டு மலைப்பகுதியும் கொந்தளித்தன. தாமரசேரியில் வனத்துறை அலுவலகம் தீக்கிரையானது. இடுக்கி, தாமரசேரி மறைமாவட்டங்கள் அந்த எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றன. காட்கில் அறிக்கையை வெளிப்படையாக ஆதரித்த இடுக்கி நாடாளுமன்ற உறுப்பினர் பி. டி. தாமஸ், அந்த மண்ணிலேயே பிறந்தவர். எதிர்ப்பாளர்கள் அவருக்குப் பாடை கட்டி ஊர்வலம் நடத்தினர். 2014 தேர்தலில் அவர் கட்சி அவருக்கு வாய்ப்பளிக்கவில்லை.

குடியேறிய உழவர்களின் அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. உணவுப் பற்றாக்குறைக் காலத்தில் மலையேறிப் பயிரிடுமாறு அரசே அவர்களை ஊக்குவித்தது. பின்னர் அதே அரசு, 1961இல் இடுக்கி அணைக்காக அய்யப்பன்கோவிலிலிருந்து அவர்களை அப்புறப்படுத்தி அமராவதியில் கொட்டியது. அவர்களுக்காக அங்கே உண்ணாநோன்பு இருந்தவர் பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன், அவரோடு தோள் நின்றவர் கத்தோலிக்கக் குருவான வடக்கன் அச்சன். அந்த நினைவு அழியவில்லை. பட்டா இல்லாத நிலத்தில் இரண்டு தலைமுறையாக வாழ்பவர், தில்லியிலிருந்து வரும் எந்த வரைபடத்தையும் குடியிறக்க ஆணையாகவே படிப்பார். காட்கில் குழு தாலுகாவை அலகாகக் கொண்டு மண்டலம் பிரித்ததும் அந்தப் பீதியை வளர்த்தது. ஏழை உழவரின் பக்கம் நின்றது திருச்சபையின் குற்றமன்று. அது அதன் கடமை.

குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. பல நூறு பக்கங்களில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஓர் அறிக்கையை மலைக்கிராமத்து உழவருக்கு வாசித்துக் காட்டவும், எந்தப் பரிந்துரை அவரைத் தாக்கும், எது குவாரி முதலாளியை மட்டுமே தாக்கும் என்று பிரித்துச் சொல்லவும் ஆற்றல் படைத்த அமைப்பு அம்மலைகளில் ஒன்று உண்டென்றால் அது பங்குக் கோவில்தான். ஞாயிறுதோறும் ஊரே அங்கே கூடுகிறது. படித்த குரு இருக்கிறார். அவர் சொல்லுக்கு மதிப்பும் இருக்கிறது. கிராம சபையில் அறிக்கையை வரிவரியாக விவாதித்து, வேண்டியதை ஏற்று, வேண்டாததைத் தள்ளி, ஊரின் தீர்மானமாக எழுதி அனுப்பியிருக்கலாம். அந்த அறிக்கை கேட்டதும் அதையே. மாறாக, முழு அறிக்கையும் எதிரியின் ஆயுதமாகச் சித்திரிக்கப்பட்டது. இரண்டு ஏக்கர் மிளகுக் கொடிக்காரனின் அச்சத்துக்குப் பின்னால் கல்லுடைப்பவனின் இலாபம் பத்திரமாக ஒளிந்துகொண்டது. அவ்விருவரையும் பிரித்துக் காட்டியிருக்க வேண்டிய பிரசங்க பீடம் இருவரையும் ஒரே போர்வைக்குள் வைத்துக் காத்தது.

இது லவுதாத்தோ சிக்கு முந்தைய நிகழ்வு எனச் சிலர் விலக்கு கோரலாம். தேசியப் பூங்காக்களையும் காட்டுயிர்ச் சரணாலயங்களையும் சுற்றி ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குச் சூழல் உணர்திறன் வளையம் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் ஆணையிட்டபோது, கேரளத்தில் அதே காட்சி மீண்டும் அரங்கேறியது. சுற்றுமடல் வந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. கோவில் மேடைகளில் அது மேற்கோளாகவும் வழங்கிக்கொண்டிருந்தது. ஆயினும் எதிர்ப்பின் தொனி மாறவில்லை. 2023 ஏப்ரலில் நீதிமன்றம் தன் ஆணையைத் தளர்த்தியது. கோட்பாட்டுத் திருத்தம் மட்டுமே மலையடிவாரக் கோவிலின் நிலைப்பாட்டை மாற்றிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

அதே 2022ஆம் ஆண்டில் கேரளத்தின் மறுமுனையில், கடற்கரையில், நேர்மாறான காட்சி ஒன்று அரங்கேறியது. விழிஞ்ஞம் துறைமுகக் கட்டுமானத்துக்கு எதிராகத் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டம் மீனவர்களைத் திரட்டி மாதக்கணக்கில் போராடியது. கட்டுமானத்தை நிறுத்திக் கடலரிப்பை ஆய்வு செய்ய வேண்டும் என்பது அதன் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. குருக்கள் துறைமுக வாயிலில் அமர்ந்தனர். படைப்பைக் காப்பது இறைவனின் கட்டளை என முழங்கினர். மீனவர் இழந்த வீடுகளும் கடல் விழுங்கிய கரையும் உண்மையானவை. அப்போராட்டத்தின் நியாயத்தை மறுப்பது கடினம். ஆனால் மலையையும் கடலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் ஆய்வாளர் ஒரு சங்கடமான முடிவுக்கு வந்தே ஆக வேண்டும். இரண்டு இடங்களிலும் திருச்சபை செய்தது ஒன்றே. தன் உறுப்பினரின் வாழ்வாதாரத்தைக் காத்தது. வாழ்வாதாரமும் சூழலும் ஒரே பக்கம் நின்ற இடத்தில் அதன் பெயர் படைப்பின் பாதுகாப்பு. எதிர்ப்பக்கம் நின்ற இடத்தில் அதன் பெயர் உழவர் பாதுகாப்பு. உறுப்பினர் நலன் காப்பது தொழிற்சங்கத்துக்குப் போதுமான அறம். திருச்சபை தன்னிடமிருந்து அதனினும் கூடுதலாக எதிர்பார்க்கப்படுவதாகத் தானே சொல்லிக்கொள்கிறது.

அந்தக் கூடுதல் எப்படியிருக்கும் என்பதற்கு நாகாலாந்தின் பாங்தி கிராமம் ஒரு சான்று. வோக்கா மாவட்டத்தில் தோயாங் நீர்த்தேக்கத்தின் ஓரம் அமைந்த லோதா நாகர்களின் ஊர் அது. பெரும்பான்மையோர் பாப்திஸ்து சபையார். சைபீரியாவிலிருந்தும் வட சீனத்திலிருந்தும் தென் ஆப்பிரிக்கா நோக்கிப் பறக்கும் அமூர் வல்லூறுகள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அங்கே இலட்சக்கணக்கில் தங்கிச் செல்கின்றன. மரங்களுக்கிடையே மீன்வலைகளைக் கட்டி அவற்றைப் பிடிப்பது மீனவர்களுக்குப் பருவகால வருமானமாக இருந்தது. 2012இல் ஒரு பருவத்தில் மட்டும் ஏறத்தாழ 1,20,000 முதல் 1,40,000 பறவைகள் கொல்லப்பட்டிருக்கலாம் எனப் பாதுகாப்பு ஆர்வலர்கள் மதிப்பிட்டு, படங்களோடு உலகுக்கு அறிவித்தனர். அடுத்த ஆண்டே கொலை ஏறத்தாழ முற்றாக நின்றது. அரசும் வனத்துறையும் தன்னார்வ அமைப்புகளும் அதில் பங்கேற்றன. எனினும், நிலமும் காடும் பெரும்பாலும் சமூகத்தின் உடைமையாக உள்ள நாகாலாந்தில் ஊர் மன்றத்தின் ஒப்புதலின்றி எந்தத் தடையும் வேர் பிடிக்காது. பாங்தியும் அண்டை ஊர்களும் தாங்களே தடை விதித்துக்கொண்டன. தேவாலயங்கள் அச்செய்தியைத் தம் மக்களிடம் எடுத்துச் சென்றன. 2013 நவம்பரில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட மூன்று பறவைகளுக்கு நாகா, வோக்கா, பாங்தி என்றே பெயரிடப்பட்டது.

பாங்தியில் எல்லாம் இனிதே முடிந்தது என்று கதை கட்ட வேண்டியதில்லை. வலையைச் சுருட்டியவர் இழந்தது ரொக்கம். பறவை பார்க்க வரும் பயணியின் பணம் அதே கைக்குத்தான் போய்ச் சேரும் என்பதற்கு உறுதி கிடையாது. பாங்தியின் சிறப்பு வேறு. அங்கே பிரசங்கம் கேட்டவரே வலை கட்டியவர். போதகரின் பேச்சு தொலைதூரத் தொழிற்சாலையைப் பற்றியதன்று. முன்வரிசையில் அமர்ந்திருப்பவரின் நேற்றைய வேட்டையைப் பற்றியது. உள்ளூர்த் திருச்சபையால் மட்டுமே செய்யக்கூடிய பணி இது. பேராயர் மன்றத்தின் அறிக்கைக்கோ ரோமின் சுற்றுமடலுக்கோ அந்த வலைக்காரரின் பெயர் தெரியாது.

ஆகவே உள்ளூர்ச் சபை செய்யத்தக்கது என்ன என்ற வினாவுக்கான விடை, அதன் கைவசம் உள்ளவற்றைக் கணக்கெடுப்பதில் தொடங்க வேண்டும். முதலாவது நிலம். இந்தியத் திருச்சபைகளின் உடைமையில் ஆலய வளாகம், கல்லறைத் தோட்டம், பள்ளி, மருத்துவமனை, தோட்டம் எனப் பரந்த நிலம் இருக்கிறது. அதில் எவ்வளவு மண்ணாகவே விடப்பட்டுள்ளது, எவ்வளவு தளக்கல்லால் மூடப்பட்டுள்ளது, பெய்யும் மழை கிணற்றுக்குள் போகிறதா சாலைக்குப் போகிறதா, தோட்டத்தில் என்ன மருந்து அடிக்கப்படுகிறது என்று ஒவ்வொரு சேகரமும் ஆண்டறிக்கையில் வரவு செலவுக் கணக்கோடு சேர்த்துப் பதிய வேண்டும். காணிக்கையின் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்கும் கமிட்டி, இறைவனுடையது என்று தானே அறிக்கையிடும் மண்ணுக்குக் கணக்குக் கேளாதிருப்பது விந்தை. லேவியராகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரம் நிலத்துக்கு ஓய்வாண்டு விதிக்கிறது; நிலம் மனிதருக்கு முற்றுரிமையாகாது என்கிறது. தன் சொந்தப் புலத்துக்கு அதனைப் பொருத்திப் பாராத சபை, அயலாரின் புலத்தைப் பற்றிப் பேசத் தகுதி பெறுவது கடினம்.

இரண்டாவது பணம். ஆலயக் கோபுரம் உயர வேண்டுமென்றால் நன்கொடை வேண்டும். பெருநன்கொடை பெரும்பாலும் பெருந்தொழிலிலிருந்து வருகிறது. நன்கொடையாளரின் பெயரைக் கல்வெட்டில் பொறிக்கும் சபை, அவர் மலையை என்ன செய்கிறார் என்று பிறகு கேட்பதில்லை. சாராயப் பணத்தை மறுத்த சபைகள் இந்நாட்டில் இருந்திருக்கின்றன. மறுக்கும் மரபு புதிதன்று. மறுக்க வேண்டிய பட்டியல்தான் நீள வேண்டியிருக்கிறது. கல்லும் மணலும் பெருமளவில் விழுங்கும் புதுக் கட்டடத்தைக் கட்டாமல் விடுவது ஆயிரம் கன்று நடுவதைவிடப் பெரிய சூழல் பணியாகலாம்.

மூன்றாவது வாசிப்பு. சூழல் தாக்க அறிக்கைகள், மண்டல வரைபடங்கள், நீதிமன்ற ஆணைகள் ஆகியவை மக்கள் மொழியில் மக்களைச் சென்றடைவதில்லை. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழுவும் மக்கள் பதிவேடும் இருக்க வழி செய்கிறது. வேதத்தை மக்கள் மொழியில் தந்ததைத் தன் பெருமையாகக் கருதும் ஒரு சமயம், மலையின் வரைபடத்தை மக்கள் மொழியில் தருவதை இழுக்காகக் கருத வேண்டியதில்லை. கல்லூரி மாணவரும் ஆய்வாளரும் இல்லாத சபை இன்று அரிது. அவர்களின் உழைப்புக்கு இதனினும் தக்க களம் வேறில்லை.

நான்காவது, இழப்பைப் பகிர்தல். இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. செங்குத்துச் சரிவில் பயிரிடுவதை நிறுத்து என்று ஒருவரிடம் சொல்லும் சபை, அவர் நிறுத்தும் ஆண்டுகளில் உண்பதற்கு என்ன செய்வார் என்பதற்கும் விடை வைத்திருக்க வேண்டும். காணிக்கையில் ஒரு பங்கு, சபை நிலத்தில் ஒரு குத்தகை, சபைப் பள்ளியில் பிள்ளைக்குக் கட்டண விலக்கு என வழிகள் உண்டு. இழப்பு முழுவதையும் ஏழையின் தலையில் சுமத்திவிட்டுப் படைப்பைப் போற்றிப் பாடுவது, காட்கில் எதிர்ப்பாளர்கள் சுட்டிய அதே அநீதியை மறுவழியில் செய்வதாகும்.

இவையெல்லாம் அரசின் வேலை, திருச்சபையின் வேலை ஆன்ம மீட்பு எனச் சொல்வோர் உண்டு. அவர்களுக்கு இடுக்கியே மறுமொழி. அரசியலில் தலையிடுவதில்லை என்னும் விரதத்தைத் திருச்சபை அங்கே கடைப்பிடிக்கவில்லை; ஒரு தேர்தலின் போக்கையே மாற்றுமளவுக்குத் தலையிட்டது. தன் மக்கள் சிறுபான்மையினர், ஏழைகள், அவர்களை எதிர்த்துப் பேசினால் சபை சிதறும் என்போரும் உண்டு. அந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் மக்கள் என்ற சொல் யாரைச் சுட்டுகிறது என்பதை அவர்கள் விளக்கியாக வேண்டும்.

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர். தலைமுறைகளாகத் தேயிலை பறித்தும் ஒரு சென்ட் நிலம் உடைமையாகப் பெறாதவர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் எதிர்காலத்தைப் பற்றிய பெருவிவாதத்தில் பட்டாதாரரின் குரல் கேட்டது, குவாரிக்காரரின் குரல் கேட்டது. லயத்துக்காரரின் குரல் கேட்கவில்லை. கேரளத்து ஆதிவாசிகளின் பறிபோன நிலத்தை மீட்டுத் தருவதாக 1975இல் இயற்றப்பட்ட சட்டம் கால் நூற்றாண்டு செயல்படாமலே கிடந்து 1999இல் திருத்தி எழுதப்பட்டது. அந்த நிலம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியும் உழவர் பாதுகாப்பு மேடைகளில் எழவில்லை. 2024 ஜூலை 30ஆம் நாள் அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போயின. காட்கில் குழு முதல் மண்டலமாகக் குறித்திருந்த வைத்திரி தாலுகாவில் அடங்கிய ஊர்கள் அவை. இச்சரிவுகளுக்கு எந்தத் திருச்சபையும் காரணம் என்று கூறுவது அறிவியலாகாது. பெருமழை, சரிவின் அமைப்பு, மண்ணின் இயல்பு, நிலப்பயன்பாடு எனக் காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஆனால் எந்தச் சரிவில் எவர் வாழ்கிறார், எங்கே நிலம் நெகிழ்ந்திருக்கிறது என்று ஊரோடு உட்கார்ந்து பேசுவதற்குக் கிடைத்த பத்தாண்டுகள் பேசாமலே கழிந்தன. அந்த மௌனத்தில் மலையடிவாரத்துப் பீடங்களுக்கும் பங்குண்டு.

பேரிடருக்குப் பின் திருச்சபைகள் கதவுகளைத் திறந்து வைத்தன, உணவளித்தன, வீடு கட்டித் தர முன்வந்தன. அந்தத் தொண்டு போற்றத்தக்கது. ஆயினும் சரிவுக்குப் பின் சடலம் தேடும் அன்பும் சரிவுக்கு முன் உண்மை பேசும் அன்பும் ஒன்றல்ல. முன்னதற்குக் கைத்தட்டல் கிடைக்கும். பின்னதற்குச் சபைக் கமிட்டியில் எதிர்ப்புக் கிடைக்கும். சில வேளைகளில் நன்கொடை நிற்கும். போதகருக்கு இடமாற்றமும் வரலாம். வரும் ஜூன் மாதத்து ஞாயிறன்று கன்றுக்குக் குழி தோண்டும் சபையார், அந்தக் குழியருகே நின்று ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளட்டும்: இவ்வாண்டு மண்ணின் பொருட்டு இச்சபை எதை இழந்தது? விடை ஒன்றும் இல்லை என்பதானால், நட்டது கன்றுதான், காத்தது படைப்பையன்று.